எந்திரச் சாலை – 17: அழவைக்கும் ஐந்து சுரம்

சென்ற வாரம் 2010 மார்ச் 17-ஆம் தேதியில் கதையை நிறுத்தியிருந்தோம். ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறந்த நாள் அது. ஏரியும் புஞ்சையுமாகக் கிடந்த பூமியில், ஆண்டுக்கு 4 லட்சம் கார் செய்யும் திட்டத்தோடு ஒரு கம்பெனி எழும்பி நின்றது. அதே ஊரில் கொமாட்சு. பிறகு, 2015-ல் வல்லம் வடகாலில் யமஹா மோட்டார். சிங்கபெருமாள்கோயில் சாலை நெடுக ஜப்பான் பெயர்கள் வரிசை கட்டின.

அவர்களோடு வந்திறங்கிய பழக்கங்களையும் பட்டியல் போட்டோம். சுவரில் ஐந்து எஸ் பலகை, ஷிஃப்டுக்கு முன் கைகால் நீட்டும் பயிற்சி, கைசன் யோசனை எழுதிப் போடும் பெட்டி.

பட்டியலில் விட்டுப்போன ஒன்று உண்டு. பாட்டு.

ஜப்பானில் ஒரு தலைமுறையையே தேம்பவைத்த பாட்டுகள் சில இருக்கின்றன. வயதானவர்கள் கரவோக்கே மைக்கைப் பிடித்து, இரண்டாம் சரணத்துக்குள் குரல் கம்மி நின்றுவிடுகிற பாட்டுகள். காதல் தோல்வி, சோகம் என்று அவற்றை ஒதுக்கிவிட முடியாது. அவை பிறந்த இடத்தைத் தேடிப்போனால் ரயில் நிலையத்திலும் இரவுப் பள்ளியிலும் கம்பெனி விடுதியிலும் போய் முட்டும். காரையும் டிரான்சிஸ்டரையும் செய்த கைகள்தான் அந்தப் பாட்டுகளைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டன. இதைச் சொல்லாமல் ஒரகடத்துக்கு வந்த ஜப்பானின் கதை முழுமையாகாது என்பது என் கட்சி.

பாட்டுக் கேட்டு அழுவது ஸ்ரீபெரும்புதூருக்குப் புதிதில்லைதான். திருப்பாவை ஜீயர் என்று பேரெடுத்த ராமானுஜர் பிறந்த ஊர். பாசுரத்தில் கரைந்து கண்ணீர் விடுவதைப் பக்தியின் அடையாளமாகவே வைத்திருக்கும் மரபு. ஆனால் இந்த வாரம் நாம் கேட்கப்போவது வேலை தேடி ஊரைவிட்டுப் போனவர்களின் பாட்டு.

அதற்கு நூற்றைம்பது ஆண்டு பின்னால் போக வேண்டும்.

மத்யமம் ஏறாத தொண்டை

1875. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரிட்ஜ்வாட்டர் என்ற சிற்றூர். அங்கிருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஜப்பான் அரசு அனுப்பிய இளைஞர் ஒருவர் சேர்ந்தார். பெயர் இசாவா ஷூஜி. மற்றப் பாடங்களைச் சமாளித்துவிட்டார். பாட்டு மட்டும் வரவில்லை.

மேல்நாட்டு ஏழு சுரத்தில் நாலாவதும் ஏழாவதும் அவர் தொண்டையில் ஏறவே இல்லை. நம் கணக்கில் சொன்னால் மத்யமமும் நிஷாதமும். அவர் பிறந்து வளர்ந்த ஊரின் பாட்டுகளில் அந்தச் சுரங்கள் அந்த இடங்களில் இருந்ததில்லை. காது கேட்டிராததைத் தொண்டை எப்படிப் பாடும்?

பள்ளி முதல்வர் இரக்கப்பட்டார். தூர தேசத்துப் பையன். பாட்டு வகுப்புக்கு வர வேண்டாம், விலக்குத் தருகிறேன் என்றார்.

இசாவா அந்த விலக்கை ஏற்கவில்லை.

எனக்கு இந்தக் கதையின் முதல் திருப்பமே அந்த மறுப்புதான். வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தால் அவரும் ஒரு கல்வி அதிகாரி, அவ்வளவுதான். மாறாக, பாஸ்டன் பள்ளிகளில் பாட்டுச் சொல்லித்தந்த லூதர் வைட்டிங் மேசனிடம் போய்ச் சேர்ந்து, வராத சுரத்தை வரவழைக்கப் பயின்றார். 1879-ல் டோக்கியோவில் அரசு இசை ஆய்வுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியபோது பொறுப்பு அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டே மேசனை டோக்கியோவுக்கு வரவழைத்தார். நாட்டின் தொடக்கப் பள்ளிகளுக்கான முதல் பாட்டுப் புத்தகம் 1881 தேதியிட்டு வந்தது.

அந்தப் புத்தகத்து மேலைநாட்டு மெட்டுகளில் பல, ஐந்தே சுரத்துக்குள் நிற்பவை. ஸ்காட்லாந்தின் பழம்பாட்டு ஒன்று ஜப்பானியச் சொற்களோடு ‘ஹொத்தாரு நோ ஹிக்காரி’ ஆனது. அன்றிலிருந்து பள்ளி முடித்துப் போகும் நாளில் பிள்ளைகள் அதைப் பாடி அழுகிறார்கள். கடை மூடும் நேரத்துக்கும் அந்த மெட்டுதான். பிரிவு என்றால் ஜப்பானியக் காதில் ஒலிக்கிற முதல் மெட்டு ஸ்காட்லாந்திலிருந்து போனது.

நாலாவதையும் ஏழாவதையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது என்ன? ச ரி க ப த. நம் மோகனம். பள்ளிக்கூடத்துப் பாட்டும் பின்னாள் சினிமாப் பாட்டும் ரெக்கார்டுப் பாட்டும் பெரும்பாலும் இந்த அளவுகோலிலேயே கட்டப்பட்டன. ஜப்பான் பாட்டு நம்மூர்க் காதுக்குச் சட்டென்று பழகிவிடுவதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே ஐந்தில் காந்தாரத்தையும் தைவதத்தையும் ஒரு படி இறக்கினால் கண்ணீர் தொடங்கும். சந்தேகம் இருப்பவர்கள் சிவரஞ்சனியை எடுத்து, தைவதத்தை மட்டும் இன்னும் கீழே இறக்கிப் பாடிப் பார்க்கலாம். 1931-ல் கோகா மசாவோ என்ற இளம் இசையமைப்பாளர் இந்த அளவில் போட்ட ‘சாக்கே வா நமிதா கா தமேயிக்கி கா’ நாட்டையே ஆட்டியது. ‘என்க்கா’ என்று பின்னாளில் பெயர் பெற்ற அழுகைப் பாட்டு வகைக்கு அது முன்னோடி. அதே கோகா 1966-ல் மிசோரா ஹிபாரிக்கு ‘கனாஷீ சாக்கே’யைத் தந்தார். மேடையில் அதைப் பாடும்போது ஹிபாரியின் கன்னத்தில் கண்ணீர் வழியும், துடைத்துக்கொள்ளாமல் பாடுவார்.

சிவரஞ்சனியை வைத்துத் தமிழ் சினிமா எத்தனை பேரை அழவைத்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஒரு சுரம்தான் தள்ளி நிற்கிறோம்.

மலையேறிய ஆர்மோனியம்

பாட்டுப் புத்தகம் வந்துவிட்டது. வாசிக்கக் கருவி வேண்டுமே.

ஹமாமாட்சு என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் வெளிநாட்டிலிருந்து வாங்கிய ஆர்கன் ஒன்று இருந்தது. காலால் காற்றடித்து வாசிக்கிற வகை. நம் கால் ஆர்மோனியத்துக்குச் சொந்தக்காரன். 1887-ல் அது பழுதானது. ஊரில் அதைத் தொட ஆள் இல்லை. மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்க வந்திருந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள்.

அவர் பெயர் யமஹா தொராக்குசு.

திறந்து பார்த்தார். பழுது நீக்கினார். அதோடு நிற்கவில்லை, உள்ளே இருந்ததையெல்லாம் படமாக வரைந்துகொண்டு, தானே ஒன்று செய்துவிட்டார். செய்தது சரியா என்று சொல்லத் தகுதியுள்ள இடம் டோக்கியோவில்தான் இருந்தது. ஹமாமாட்சுவிலிருந்து அவ்வளவு தூரத்துக்கு அப்போது முழு ரயில் பாதை கிடையாது. கவாய் கிசாபுரோ என்ற கூட்டாளியும் அவருமாக, ஆர்கனைக் கம்பில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஹக்கோனே மலையை அப்படியே ஏறி இறங்கினார்கள்.

டோக்கியோவில் அதை வாசித்துப் பார்த்தவர் வேறு யாருமில்லை, இசாவா ஷூஜிதான். தொண்டையில் ஏறாத சுரத்தோடு போராடியவருக்குச் சுருதி பிசகினால் தெரியாமல் போகுமா? வேலைப்பாடு நன்று, சுருதி சேரவில்லை என்றார்.

யமஹா கோபித்துக்கொண்டு திரும்பவில்லை. அங்கேயே தங்கி, இசை வகுப்பில் உட்கார்ந்து சுருதியின் கணக்கைக் கற்றார். ஊர் திரும்பி இரண்டாவது ஆர்கனைச் செய்தார். அது தேறியது. 1897-ல் நிப்பொன் கக்கி என்ற கம்பெனி அவர் கையில் பிறந்தது. மூங்கில் தடியும் மலைப்பாதையுமாகத் தொடங்கிய அந்தக் கம்பெனி செய்த ஆர்கன்கள் ஜப்பான் பள்ளிகளுக்குப் போய், இசாவாவின் ஐந்து சுரத்தைப் பிள்ளைகளின் தொண்டையில் இறக்கின.

குறையைச் சொல்லி அனுப்பு, சரிசெய்துகொண்டு வா. ஒரகடத்தில் எந்தக் கியூசி மேஜையிலும் இன்று நடப்பது இதுதான். பலகையில் எழுதிவைக்கும் முன்பே பழக்கத்தில் இருந்திருக்கிறது.

இன்னொன்று. நிப்பொன் கக்கியிலிருந்து 1955-ல் மோட்டார் சைக்கிள் பிரிவு தனிக் கம்பெனியானது. அதுதான் யமஹா மோட்டார். முதல் வண்டி, செம்பழுப்பு நிறத்து ஒய்.ஏ-1. ஜனங்கள் அதற்கு ‘அக்காதொம்போ’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். சிவப்புத் தும்பி.

அந்தப் பெயரைக் கேட்டால் எந்த ஜப்பானியருக்கும் வண்டிக்கு முன் பாட்டு ஒன்று நினைவுக்கு வரும். மிகி ரோஃபூ 1921-ல் எழுதிய கவிதை. யமாதா கோசாக்கு 1927-ல் மெட்டமைத்தது. ஐந்தே சுரம். கவிஞரின் பெற்றோர் அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே பிரிந்துவிட்டார்கள். அவரை முதுகில் சுமந்து வளர்த்தவள் வேலைக்காரச் சிறுமி. அவள் பதினைந்து வயதில் கல்யாணமாகிப் போனாள். பிறகு அவள் ஊரிலிருந்து வந்த சேதியும் நின்றது. பாட்டில் அழுகை என்ற சொல்லே இல்லை. 1989-ல் என்.எச்.கே. மக்களிடம் கேட்டபோது, ஊர் நினைவைத் தரும் பாட்டுகளில் முதலிடம் இதற்குத்தான் கிடைத்தது.

பிள்ளை வளர்த்த ஏழைப் பெண்ணுக்கான பாட்டு அது என்பதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் கண்ணில் படுகிறது. வேறு வீட்டில் வேலைக்கு நின்ற சிறுமி. அடுத்து வரும் ரயிலில் ஏறப்போகிறவர்களும் அவள் வயதுதான்.

பதினைந்து வயதுக்காரர்களின் ரயில்

1954 ஏப்ரல். வடகோடி ஆவோமோரி நிலையத்தில் தனி ரயில் ஒன்று நிற்கிறது. பெட்டிகளில் நடுநிலைப் பள்ளியை அப்போதுதான் முடித்த பிள்ளைகள். மேடையில் அப்பா, அம்மா, பள்ளி ஆசிரியர்கள். டோக்கியோவின் சிறு பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் நூற்பாலைகளுக்கும் மொத்தமாக ஆள் எடுத்திருக்கிறார்கள். ரயில் ஒரு பகல், ஓர் இரவு ஓடி டோக்கியோவின் உவேனோ நிலையத்தில் கொண்டுபோய் இறக்கும்.

போருக்குப் பிந்தைய ஜப்பானின் தொழில் வளர்ச்சிக்கு எத்தனையோ காரணம் சொல்வார்கள். நான் இந்த ரயிலை முதலில் வைப்பேன். வடக்கே நிலம் குறைவு, பிள்ளைகள் அதிகம். மூத்தவனுக்கு வயல், மற்றவர்களுக்கு ரயில். தெற்கே பட்டறைகளுக்கு இளம் கைகள் வேண்டும், கூலி குறைவாக வேண்டும். பள்ளியும் அரசின் வேலைவாய்ப்பு அலுவலகமும் சேர்ந்து ஏற்பாடு செய்தன. பத்திரிகைகள் இந்தப் பிள்ளைகளுக்குத் ‘தங்க முட்டைகள்’ என்று பேர் வைத்தன. முட்டைக்குத் தங்கம் என்று பேர் வைப்பவர்கள் விலையை நினைத்துத்தான் வைக்கிறார்கள். 1975 வரை ஆண்டுதோறும் வசந்த காலத்தில் அந்த ரயில்கள் ஓடின.

ரயில் ஓடத் தொடங்கிப் பத்து ஆண்டு கழித்துத்தான் அதற்கு ஒரு பாட்டு வந்தது. வந்த வழி சுவாரஸ்யமானது.

செகிகுச்சி யோஷியாக்கி, சைதாமா பகுதியைச் சேர்ந்தவர், வங்கி ஊழியர். இருபத்துச் சொச்சம் வயது. கவிஞர் என்று யாரும் அவரை அறியவில்லை. உவேனோ நிலையத்தில் வந்திறங்கும் பிள்ளைகளை அவர் பார்த்தார். விவசாயக் குடும்பங்கள் படிக்கும் ‘இயே நோ ஹிக்காரி’ என்ற பத்திரிகை பாட்டுப் போட்டி வைத்திருந்தது. எழுதி அனுப்பினார். பரிசு கிடைத்தது.

பிள்ளைகளை ரயிலேற்றிவிட்ட வீடுகளுக்குத்தான் அந்தப் பத்திரிகை போய்ச் சேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அராய் எய்இச்சி மெட்டமைத்தார். பாட இஸாவா ஹாச்சிரோ வந்தார். முன்னே பார்த்த இசாவாவோடு பெயர் ஒற்றுமை மட்டும்தான். இவர் ஆவோமோரி மாகாணத்து ஹிரோசாக்கிக்காரர். அந்த ரயில் புறப்படும் சீமையிலிருந்தே வந்த தொண்டை. 1964-ல் ‘ஆ, உவேனோ எக்கி’ வெளியானது. வெளியிட்டது தோஷிபாவின் ரெக்கார்டு கம்பெனி. பின்னாளில் சென்னைக்கு வடக்கே டர்பைன் ஆலை கண்ட அதே தோஷிபா குடும்பம்.

பாட்டில் பெரிய சம்பவம் ஒன்றும் கிடையாது. கடைப் பையன் ஒருவன் சாமான் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் நிலையத்தருகே சைக்கிளை நிறுத்துகிறான். அங்கே வந்திறங்குகிறவர்களின் பேச்சில் தன் ஊர் வாடையைக் கேட்கிறான். மறுபடி மிதிக்கிறான். அவ்வளவுதான். அந்த ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக். ஷின்கான்சென் ஓடத் தொடங்கிய ஆண்டு. உலகம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பட்டறை மாடியில் பாய் விரித்துப் படுத்த பையன்கள் வானொலியில் இந்தப் பாட்டைக் கேட்டு முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டார்கள்.

2003-ல் உவேனோ நிலையத்தருகே அந்தப் பாட்டுக்குச் சின்னம் எழுப்பினார்கள். 2013-ல் 13-ஆம் மேடையில் ரயில் புறப்படும் மணியாகவே அந்த மெட்டை வைத்துவிட்டார்கள். ஒரு நாடு தன் கூலி வரலாற்றை ரயில் நிலைய மணியில் ஒலிக்கவிடுவது சாதாரணமில்லை.

தொழிற்சாலை ஊர்ப் பையன்

இனி, உலகமே அறிந்த பாட்டுக்கு வருவோம்.

சகாமோட்டோ கியூ 1941-ல் கவாசாக்கியில் பிறந்தவர். இரும்பு ஆலைகளும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்த ஊர். முகம் நிறையப் பரு, வாய் நிறையச் சிரிப்பு.

அவருக்குப் பாட்டு எழுதிய எய் ரோகுசுகே 1960 ஜூனில் டோக்கியோவின் தெருக்களில் நின்றவர். அமெரிக்காவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் கூடாது என்று லட்சக்கணக்கானோர் திரண்ட போராட்டம். ஜூன் 15 அன்று நாடாளுமன்ற வாசலில் கன்பா மிச்சிக்கோ என்ற மாணவி இறந்தார். ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது. தோற்றுப்போய் வீட்டுக்கு நடந்த மனநிலையிலிருந்து எய் எழுதிய வரிகளே ‘உவே ஓ முயித்தே அருக்கோ’. கண்ணீர் கீழே சிந்தாதிருக்க முகத்தை உயர்த்திக்கொண்டு போகிறவனின் பாட்டு. மெட்டு நகாமுரா ஹாச்சிதாய், ஜாஸ் பியானோக்காரர்.

1961 ஜூலையில் மேடையில் சகாமோட்டோ அதைப் பாடியபோது எய்க்குக் கோபம். சொற்களை ராக் அண்ட் ரோல் பாணியில் உடைத்து விக்கி விக்கிப் பாடுகிறானே, என் வரியைக் கேலி செய்கிறானா? மக்களுக்கு அந்த விக்கலே பிடித்துப்போனது. அக்டோபரில் ரெக்கார்டு வந்தது. நாடெங்கும் ஓடியது.

1963-ல் பிரிட்டனில் கென்னி பால் குழு மெட்டை மட்டும் வாசித்து வெளியிட்டது. ஜப்பானியத் தலைப்பு வாயில் நுழையாது என்று ‘சுகியாகி’ என்று பேர் வைத்தார்கள். மாட்டிறைச்சிக் குழம்பின் பெயர். நம் ஒப்பாரி ஒன்றுக்கு ‘சாம்பார் சாதம்’ என்று தலைப்புப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. அமெரிக்காவில் சகாமோட்டோவின் குரலோடு அதே பெயரில் வந்தது. 1963 ஜூன் 15-ஆம் தேதிப் பில்போர்டு பட்டியலில் முதலிடம். மூன்று வாரம் அங்கேயே நின்றது. கன்பா மிச்சிக்கோ இறந்து அன்றோடு சரியாக மூன்று ஆண்டு. தற்செயல்தான். ஒப்பந்தத்தில் தோற்றவர்களின் பாட்டு, ஒப்பந்தம் போட்ட நாட்டில் வென்றது என்பதை மட்டும் குறித்துவைக்கலாம். ஜப்பானிய மொழிப் பாட்டு எதுவும் பிறகு அந்த இடத்தைத் தொடவில்லை.

அதே ஆண்டு சகாமோட்டோ இன்னொரு பாட்டும் பாடினார்: ‘மியாகெத்தே கோரான் யோரு நோ ஹோஷி ஓ’. நம் கதைக்கு இதுவே நெருக்கமானது. 1960-ல் ஒசாகாவின் தொழிலாளர் இசைக் கழகம் மேடையேற்றிய நாடகத்துக்காக எய் எழுதி இசுமி தாக்கு மெட்டமைத்தது. பகலில் பட்டறையில் நின்று, இரவில் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் கதை. ரயிலில் வந்த அதே பிள்ளைகள்தான். கரி படிந்த கையோடு பேனா பிடிக்கும் பிள்ளைக்கு, வானத்தில் சின்ன நட்சத்திரம் ஒன்றைக் காட்டுகிற பாட்டு.

1985 ஆகஸ்ட் 12 மாலை, டோக்கியோவிலிருந்து ஒசாகா புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமானத்தில் சகாமோட்டோ இருந்தார்.

விமானம் குன்மா மாகாணத்து மலையில் மோதியது. 524 பேரில் பிழைத்தவர்கள் நால்வர். சகாமோட்டோவுக்கு வயது 43.

விசாரணையில் காரணம் தெரிந்தது. 1978-ல் ஒசாகாவில் தரையிறங்கும்போது அந்த விமானத்தின் வால் உரசியிருந்தது. பின்புற அழுத்தச் சுவரைப் போயிங் பழுதுபார்த்தது. ஒரே துண்டாகப் பொருத்த வேண்டிய இணைப்புத் தகடு இரண்டாக வெட்டப்பட்டிருந்தது. இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய பாரத்தை ஒரே வரிசை தாங்கியது. அந்தப் பழுதுக்குப் பின் 12,319 தடவை பறந்து, கடைசியில் கிழிந்தது.

ஒரகடத்திலும் வல்லத்திலும் லைனில் நிற்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்பாட் வெல்டு தப்பினால் லைனை நிறுத்து என்று லைன் லீடர் கத்துவது ஏன் என்று கேட்கிற புதுப் பையனுக்கு, நான் இந்த ஒரு வரிசை ரிவெட்டைத்தான் சொல்வேன்.

2011 மார்ச்சில் சுனாமி வடகிழக்கை வாரிக்கொண்டு போன பின்பு, சன்டோரி கம்பெனி பிரபலங்கள் பலரையும் பாடவைத்துத் தொலைக்காட்சியில் விளம்பரமாக ஓட்டியவை சகாமோட்டோவின் இந்த இரண்டு பாட்டுகளே. தங்க முட்டைகளை ரயிலேற்றிய அதே தோஹோக்கு சீமை அது.

பதினெட்டாயிரம் கட்டில்கள்

திரும்பி ஊருக்கு வருவோம்.

2024 ஆகஸ்ட் 17. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கான விடுதியை முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். 18,720 பேர் தங்கலாம். ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் பெண்களுக்கென்று கட்டியது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயில் விழ, பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்த பிறகு, ‘எங்கே தங்குகிறார்கள்’ என்ற கேள்வி அரசுக்கும் கம்பெனிக்கும் தவிர்க்க முடியாததாகிவிட்டது.

உவேனோவில் இறங்கியவர்களின் வயதை நாலைந்து கூட்டினால் இந்தப் பெண்களின் வயது. பள்ளியோ டிப்ளமாவோ முடித்த கையோடு வருகிறார்கள். கம்பெனி பஸ், ஷிஃப்ட், விடுதி, மாதக் கடைசியில் வீட்டுக்குப் பணம். சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் நாலு மாவட்டத்துத் தமிழையும் ஒடியாவையும் இந்தியையும் கேட்கலாம்.

எல்லாம் இருக்கிறது. பாட்டு எங்கே?

தமிழர்கள் வேலைக்குப் போன இடத்தில் பாட்டுக் கட்டாத ஜனமில்லை. இலங்கை மலையகத்தில் தேயிலை பறித்தவர்கள் கங்காணியையும் குளிரையும் கூலியையும் பாடினார்கள். சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று 1983-ல் புத்தகமாக்கினார். எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் என்று ஆவணங்கள் சொன்ன பெண்கள் கட்டியவை அவை.

தேயிலை மலையில் கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும், பக்கத்தில் ஆள் இருக்கும். லைனில் அது முடியாது. முகமூடி, தொப்பி, நொடிக்கணக்கு. வயலில் நாற்று நட்டவளின் பாட்டை எந்திரத்தின் வேகம் விழுங்கிவிடும். ஆனால் இது ஜப்பான் பட்டறைக்கும் பொருந்தும்தானே? அங்கேயும் பாடியவர்கள் தொழிலாளர்கள் அல்லர். பார்த்துக்கொண்டிருந்த வங்கி ஊழியர் எழுதினார், விவசாயிகள் பத்திரிகை பரிசு கொடுத்தது, தோஷிபா அச்சிட்டது, ஊர்க்காரர் பாடினார். பாட்டு வேண்டும் என்று நாலு பேர் நினைத்திருக்கிறார்கள்.

இங்கே கம்பெனி பஸ்ஸில் இளையராஜா ஓடுகிறார். அவர் எல்லா ஊர்க்காரரையும் அவரவர் ஊருக்குக் கூட்டிப்போய்விடுகிறார். அதனாலேயே தனிப்பாட்டுக்கான தேவை தள்ளிப்போகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. காண்ட்ராக்டில் வந்து ஆறுமாதம், ஓராண்டில் மாறிப்போகிற ஆட்களுக்கு ‘நாம்’ என்று பாட ஒரு கூட்டம் சேர்வதும் கடினம். உவேனோவில் வந்திறங்கிய பிள்ளைக்கு, போகிற இடம் மோசமானாலும் நிரந்தர வேலை என்ற நம்பிக்கை இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், கருவி மட்டும் வந்துவிட்டது. யமஹாவின் இசைப் பிரிவு 2019-ல் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே ஆலை தொடங்கிக் கீபோர்டும் கிதாரும் செய்கிறது. ஹக்கோனே மலையைத் தோளில் தாண்டிய கம்பெனிக்கு இங்கே தமிழ்க் கைகள் சுருதி பார்க்கின்றன.

ஜப்பானில் முதல் ரயிலுக்கும் பாட்டுக்கும் இடையில் பத்து ஆண்டு. நம் தடத்தில் பெண்களை ஆயிரக்கணக்கில் முதலில் பஸ் ஏற்றியது 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா. அந்தக் கணக்கில் பாட்டு எப்போதோ வந்திருக்க வேண்டும். அந்தப் பெண்கள் சம்பாதித்தார்கள், தம்பி தங்கையைப் படிக்கவைத்தார்கள், வீட்டுக்குக் கான்கிரீட் போட்டார்கள். எட்டே ஆண்டில் வாசல் மூடியது. உவேனோவின் பாட்டுக்குக் கிடைத்தது வந்திறங்கிய இரவு. ஸ்ரீபெரும்புதூருக்கு மிஞ்சியது வெளியேறிய பகல்.

அந்தப் பகலைத்தான் அடுத்த வாரம் பார்க்கப்போகிறோம். வரிப் பிரச்சினை, மைக்ரோசாஃப்ட் விற்பனை, நீதிமன்றம் என்று கோப்புகள் ஏராளம் பேசும். கோப்பில் இல்லாத கேள்வி ஒன்றுதான் எனக்கு மிச்சம்: 2014 நவம்பர் 1-ஆம் தேதி நோக்கியா ஆலை நின்றபோது, கடைசி பஸ்ஸில் ஏறியவர்களில் யாராவது ஒரு வரியாவது கட்டினார்களா?

(தொடரும்)